சண்டை போட்டுக்கொண்டே கட்டிய நாடு

போன மாதம் எங்கள் பழைய கல்லூரி வாட்ஸப் குழுவில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். யூதர்களைப் பாருங்கள், இரண்டாயிரம் வருஷம் அடி வாங்கினார்கள், ஆனாலும் ஒற்றுமையாக நின்றார்கள், ஒரே தலைவர் பின்னால் போனார்கள், நாடு கிடைத்தது, நாமும் இருக்கிறோமே என்று. இந்தப் பேச்சை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். மேடைகளில் கேட்டிருக்கிறேன், டீக்கடையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் ஏதோ ஒரு ஏக்கத்தில்தான் சொல்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் வரலாறு அப்படி நடக்கவே இல்லை. குழுவிலேயே பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்ற சியோனிச இயக்கம் பிறந்த நாளிலிருந்து நாடு அறிவித்த நாள் வரைக்கும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். சின்னச் சண்டையும் இல்லை, துப்பாக்கி எடுக்கும் அளவுக்குச் சண்டை. அவர்களிடம் இருந்தது, அந்தச் சண்டையைப் போடுவதற்கு ஒரு இடம். ஒரு மாநாடு, ஒரு ஓட்டுச்சீட்டு, ஒரு நிதி, பிறகு ஒரு தொழிற்சங்கம். அந்த இடத்துக்கு வெளியே ஒரு பெரிய ஜனக்கூட்டம் நின்றுகொண்டிருந்தது, அந்த மண்ணிலேயே குடியிருந்த அரபு மக்கள். அவர்களுக்கு அந்தச் சண்டையில் ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

1897 ஆகஸ்ட் 29, சுவிட்சர்லாந்தில் பாசல் நகரம். கச்சேரி மண்டபம் ஒன்றில் சுமார் 200 பேர் கூடுகிறார்கள். கூட்டியவர் தியோடர் ஹெர்ட்ஸல், புடாபெஸ்ட்டில் பிறந்து வியன்னாவில் பத்திரிகைக்காரராக இருந்தவர், அதற்கு முந்தின வருஷம்தான் யூத நாடு வேண்டும் என்று ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். தொடக்க நாளன்று எல்லாரும் கறுப்பு வால்கோட்டும் வெள்ளை டையும் கட்டி வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருடைய நெருங்கிய தோழர் மாக்ஸ் நோர்டௌ சாதாரண கோட்டில் வந்து நின்றார், மாற்ற முடியாது என்றார். ஹெர்ட்ஸல் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், எனக்காகச் செய்யுங்கள் என்று கேட்டு, போய் உடை மாற்றி வரவைத்தார், திரும்பி வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். இதை ஹெர்ட்ஸலே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கையில் ஒரு பிடி மண் இல்லை, படை இல்லை, பணமும் பெரிதாக இல்லை. வந்தவர்களில் பலர் ரஷ்யப் பேரரசிலிருந்து ரயிலேறி வந்தவர்கள், அங்கே அவர்கள் எப்போது அடி விழும் என்று பயந்து வாழ்ந்தவர்கள். அவர்களை ஒரு காலை நேரமாவது ஒரு நாட்டின் பாராளுமன்ற உறுப்பினர்கள் மாதிரி உணர வைக்க வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

அந்த மாநாடு முதலில் ம்யூனிக்கில்தான் நடப்பதாக இருந்தது. அந்த ஊர் யூதர்களே வேண்டாம் என்றார்கள். நாங்கள் ஜெர்மானியர்கள், எங்கள் மதம் மட்டும்தான் வேறு, எங்கள் விசுவாசத்தை நாளைக்குச் சந்தேகப்படுவார்கள் என்று பயம். ஜெர்மனியின் ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், எதிர்ப்பு அறிக்கையே விட்டார்கள். கிழக்கே இருந்த வைதீக ரபிகளில் பலருக்கு வேறு கோபம், மீட்பர் வருவதற்கு முன்னால் மனிதன் அவசரப்படுவது பாவம் என்று. அதே 1897 அக்டோபரில் வில்னா நகரத்தில் யூதத் தொழிலாளர்கள் ‘புண்ட்’ என்ற கட்சியைத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்னது நேர் எதிர்: எங்கேயும் போக வேண்டாம், பிறந்த மண்ணில், பேசும் இத்திஷ் மொழியில், இங்கேயே உரிமை வாங்குவோம். அந்த ‘இங்கேயே’ என்பதற்கு அவர்களிடம் தோய்க்கைட் என்று ஒரு சொல்லே இருந்தது. அப்புறம், 1881இல் ரஷ்ய ஜார் கொல்லப்பட்டு யூதர் வீடுகள் சூறையாடப்பட்டதிலிருந்து முதல் உலகப் போர் வரைக்கும் கிழக்கு ஐரோப்பாவை விட்டு ஓடிய யூதர்களில் சுமார் 20 லட்சம் பேர் போனது அமெரிக்காவுக்கு. பாலஸ்தீனத்துக்குப் போனவர்கள் சில பத்தாயிரங்கள்தான், அதிலும் பலர் மலேரியாவும் பசியும் தாங்காமல் திரும்பிவிட்டார்கள். ஆக, சியோனிசம் ரொம்ப காலத்துக்கு யூதர்களுக்குள்ளேயே ஒரு சிறுபான்மைக் கருத்து.

பாசலிலிருந்து திரும்பியதும் ஹெர்ட்ஸல் எழுதினார், பாசலில் யூத நாட்டை நிறுவிவிட்டேன், இன்று இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஐந்து வருஷத்தில் இல்லாவிட்டாலும் ஐம்பது வருஷத்தில் எல்லாரும் உணர்வார்கள் என்று. 1897 செப்டம்பரில் எழுதியது. ஐ.நா. சபை வாக்கெடுப்பு 1947 நவம்பரில். இதைத்தான் எல்லாரும் அற்புதம் மாதிரி மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ‘ஷெக்கல்’. வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் ஒரு ரசீது தருவார்கள், அதற்குப் பெயர் ஷெக்கல். அந்த ரசீது இருந்தால் மாநாட்டுப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு. தையல்காரரும் ஓட்டுப் போடலாம், வங்கி முதலாளியும் போடலாம். 1898இல் நடந்த இரண்டாவது மாநாட்டிலேயே பெண்களுக்கும் ஓட்டுரிமை கொடுத்துவிட்டார்கள், பிரிட்டனில் பெண்களுக்குப் பாராளுமன்ற ஓட்டு வருவதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால். 1901இல் நிலம் வாங்க ஒரு தேசிய நிதி, அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு உண்டியல். நாடு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வரி மாதிரி ஒன்றும் தேர்தல் மாதிரி ஒன்றும் அவர்களுக்குப் பழகிவிட்டது.

சரி, அந்த ஓட்டு எப்படிப்பட்ட சண்டைக்குப் பயன்பட்டது? 1903 ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரத்தில் கலவரம், 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஹெர்ட்ஸல் பதறிப்போனார். அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட துருக்கி சுல்தானைப் பார்த்தாயிற்று, ஜெர்மன் கெய்சரைப் பார்த்தாயிற்று, யாரும் பாலஸ்தீனத்தைத் தருவதாக இல்லை. பிரிட்டன் மட்டும் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மேட்டு நிலத்தைக் காட்டியது. உகாண்டா திட்டம் என்றே பேர் ஆகிவிட்டது, ஆனால் அந்த இடம் இன்றைய கென்யாவில் இருக்கிறது. ஆகஸ்டில் ஆறாவது மாநாட்டில் இதை வைத்தார். அங்கே குடியேறலாமா என்றுகூட ஓட்டு இல்லை, போய்ப் பார்த்து வர ஒரு குழு அனுப்பலாமா என்பதற்கு. ஆதரவு 295, எதிர்ப்பு 178. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் ரஷ்ய யூதர்கள், அதாவது அடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள். கிஷினேவிலிருந்து வந்தவர்களே வேண்டாம் என்றார்கள். எழுந்து வெளியே போய், பழைய ஜெருசலேம் கோவில் இடிந்த நாளுக்குத் துக்கம் காப்பது போலத் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அந்த டிசம்பரில் பாரிஸில் ஒரு இளைஞன் நோர்டௌவைப் பார்த்து, ஆப்பிரிக்காக்காரனே செத்துப் போ என்று கத்திக்கொண்டு சுட்டான், குண்டு தவறிவிட்டது. பாசலில் உடை மாற்றி வந்தாரே, அதே நோர்டௌதான். அடுத்த ஜூலையில் ஹெர்ட்ஸல் இறந்தார், வயது 44. 1905இல் உகாண்டா திட்டத்தைக் கைவிட்டார்கள், அது பிடிக்காத ஒரு கூட்டம் தனியாகப் பிரிந்து வேறு வேறு கண்டங்களில் நிலம் தேடிக்கொண்டு அலைந்தது.

இப்போது நான் சொல்ல வந்த இன்னொரு பாதிக்கு வருகிறேன். அந்த மண்ணில் ஆள் இருக்கிறார்கள் என்று சியோனிஸ்டுகளுக்குத் தெரியாதா என்று பலர் கேட்பார்கள். தெரியும். 1891லேயே, ஹெர்ட்ஸல் களத்துக்கு வருவதற்கு முன்பே, அஹத் ஹாம் என்ற எழுத்தாளர் பாலஸ்தீனத்துக்குப் போய்வந்து ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டில் இருக்கும் நாம் அந்த மண் வெறுமையாகக் கிடக்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் விதைக்காத வயலைக் காண்பது அங்கே கஷ்டம், அரபுகளை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள், நம்முடைய குடியேறிகள் அவர்களிடம் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார். அவரும் சியோனிஸ்ட்தான். அவசர அவசரமாக நாடு வேண்டாம், முதலில் மொழியும் பண்பாடும் உயிர் பெறட்டும் என்பவர். பாசல் மாநாட்டுக்கு வந்திருந்தார், கல்யாண வீட்டில் துக்கக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினார்.

1899 மார்ச் முதல் தேதி, ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் அல் காலிதி, பிரான்ஸின் தலைமை ரபி மூலமாக ஹெர்ட்ஸலுக்குப் போய்ச் சேரும்படி ஒரு கடிதம் எழுதினார். வெறுப்பு துளிகூட இல்லாத கடிதம். உங்கள் எண்ணம் இயல்பானது, அழகானது, நியாயமானது, உங்களுக்கு இந்த மண்ணில் உள்ள உரிமையை யார் மறுக்க முடியும், ஆனால் இங்கே வேறு மக்கள் குடியிருக்கிறார்கள், கடவுளின் பெயரால் பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். ஹெர்ட்ஸல் மரியாதையாகப் பதில் போட்டார். யூதர்கள் வந்தால் உங்கள் நிலத்துக்கு மதிப்புக் கூடும், செல்வம் பெருகும், உங்களை வெளியே அனுப்ப வேண்டும் என்று யார் நினைக்கப் போகிறார்கள் என்று. ஒருவர் வீட்டைப் பற்றிக் கேட்கிறார், இன்னொருவர் வீட்டின் விலையைப் பற்றிப் பதில் சொல்கிறார். பின்னால் நடந்த எல்லாமே இந்த இரண்டு கடிதங்களுக்கு நடுவில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

யிட்ஸ்ஹாக் எப்ஸ்டைன் என்ற மனிதரை நம்மில் பலருக்குத் தெரியாது. கலிலேயாவில் ரோஷ் பினா என்ற யூதக் குடியிருப்பில் ஹீப்ரு வாத்தியாராக இருந்தவர். 1905இல் பாசலில் அவர் ஒரு உரை நிகழ்த்தினார், இரண்டு வருஷம் கழித்து ‘மறைந்திருக்கும் கேள்வி’ என்ற தலைப்பில் அச்சில் வந்தது. அவர் சொன்ன விஷயம் இதுதான். நாம் நிலத்தை எங்கேயோ பெய்ரூட்டில் உட்கார்ந்திருக்கும் பெரிய மிராசுதாரர்களிடமிருந்து காசு கொடுத்து வாங்குகிறோம், பத்திரப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுத குத்தகைக்காரர் என்ன ஆவார்? நாம் மனசாட்சியைத் தொட்டுச் சொல்ல முடியுமா? பக்கத்தில் இருந்த ஜாவூனா கிராமத்தின் குடும்பங்கள் நிலம் போனதால் யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே ஹௌரான் பகுதிக்குக் கிளம்பிப் போன நாளை அவர் விவரிக்கிறார். ஆண்கள் கழுதை மேல் போகிறார்கள், பின்னால் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள், அந்தச் சத்தத்தில் பள்ளத்தாக்கே நிறைகிறது. போகிற வழியில் நின்று நின்று கல்லையும் மண்ணையும் முத்தமிடுகிறார்கள். அந்த ஒப்பாரி இன்னும் என் காதில் கேட்கிறது என்கிறார் எப்ஸ்டைன். பத்திரத்தில் இருந்த எந்தக் கையெழுத்தும் போலி இல்லை. அதனால்தான் இந்தக் காட்சி என்னை விடமாட்டேன் என்கிறது. எப்ஸ்டைனை யாரும் தேசத்துரோகி என்று அடிக்கவில்லை, அச்சில் போட்டார்கள், பதில் கட்டுரை எழுதினார்கள், கொஞ்ச நாள் விவாதம் நடந்தது, அப்புறம் நிலம் வாங்குவது தொடர்ந்தது.

1904க்குப் பிறகு வந்தவர்கள் வேறு ரகம். சோசலிசம் பேசும் இளைஞர்கள். போலந்தின் ப்வோன்ஸ்க் என்ற சிற்றூரிலிருந்து டேவிட் க்ரூன் என்ற பையன் 1906இல் யாஃபா துறைமுகத்தில் இறங்குகிறான், பெயரை பென் குரியன் என்று மாற்றிக்கொள்கிறான். இவர்களுக்கு முந்தி வந்த யூத விவசாயிகள் கூலிக்கு அரபுத் தொழிலாளிகளை வைத்திருந்தார்கள், கூலி குறைவு, வேலை தெரியும். இளைஞர்கள் யூத வேலை யூதர்களுக்கே என்று மறியல் செய்தார்கள். சுரண்டல் கூடாது என்பது அவர்கள் கொள்கை, ஆனால் அதனால் வேலை இழந்தது அரபுக் கூலிக்காரர். 1913இல் ஹைஃபாவில் திறக்க இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் பாடமொழி ஜெர்மனா ஹீப்ருவா என்று வாத்தியார்களும் மாணவர்களும் வேலைநிறுத்தம் செய்து ஹீப்ருவை வெல்ல வைத்தார்கள். வீட்டில் யாருமே பேசாமல் இருந்த மொழி முப்பது வருஷத்தில் பொறியியல் பாடமொழி ஆனது. இதை மனசு நிறையப் பாராட்டுகிறேன், அந்தப் பாராட்டில் எனக்குத் தயக்கமே இல்லை.

1917க்கு வருகிறேன், இங்கே நமக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசியத் தாயகம் அமைய ஆதரவு தருவோம் என்று நவம்பர் 2ஆம் தேதி பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிக் கொடுத்த வாக்குறுதி ஆங்கிலத்தில் 67 சொற்கள். அதற்காக வருஷக்கணக்கில் லண்டன் வீடுகளில் ஏறி இறங்கியவர் சைம் வைஸ்மன், வேதியியல் பேராசிரியர். அதை அரசுக்குள்ளேயே நின்று உக்கிரமாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு. பள்ளிக்கூடத்தில் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அவரேதான். அன்றைய இந்தியாவுக்கான அமைச்சர், அமைச்சர்களில் ஒரே யூதர். என் நாடு இங்கிலாந்து, பாலஸ்தீனம்தான் யூதர்களின் வீடு என்று நீங்கள் அறிவித்தால், நாளைக்கு எல்லா நாடுகளும் எங்களைப் பார்த்து உன் வீட்டுக்குப் போ என்று சொல்லும் என்று கெஞ்சினார். இந்த அரசின் யூத வெறுப்பு என்றே தன் குறிப்புக்குத் தலைப்பு வைத்தார். அக்டோபரில் அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார், அவர் கடலில் இருக்கும்போதுதான் அக்டோபர் 31 அன்று அமைச்சரவை முடிவெடுத்தது. டிசம்பரில் மாண்டேகு சென்னையில் இருந்தார், ஹோம் ரூல்காரர்களும் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தாரும் அவரிடம் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தன் சொந்த அரசிடம் மனு கொடுத்துத் தோற்றுவிட்டு வந்த ஒரு மனிதரிடம்தான் நம் ஆட்கள் அத்தனை நம்பிக்கையோடு மனு கொடுத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த 67 சொற்களில் அரபு என்ற சொல் இல்லை. ‘பாலஸ்தீனத்தில் உள்ள யூதரல்லாத சமூகங்கள்’ என்று இருக்கிறது, அவர்களுடைய சிவில், மத உரிமைகளுக்குப் பாதகம் வரக் கூடாது என்று. அரசியல் உரிமை பற்றிப் பேச்சில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1922இல் எடுத்த கணக்கெடுப்பில் மொத்த மக்கள் சுமார் ஏழரை லட்சம், யூதர்கள் சுமார் 84,000. பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேராக இருந்தவர்களை ‘அல்லாதவர்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

முதல் உலகப் போரில் பாலஸ்தீனம் துருக்கியிடமிருந்து பிரிட்டன் கைக்குப் போனது. அந்த பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சண்டை இரண்டு ஆட்களின் பெயரில் நின்றது. ஒரு பக்கம் பென் குரியன். 1920இல் தொடங்கிய ஹிஸ்தத்ருத் தொழிற்சங்கம் அவர் கையில், அது வெறும் சங்கம் இல்லை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கட்டுமானக் கம்பெனி, ஒரு ரகசியப் படைகூட அதன் கீழ் வந்தது. இன்னொரு பக்கம் ஒடெஸ்ஸாக்காரர் ஜபோட்டின்ஸ்கி, பேச்சில் சூரர், வலதுசாரி. 1923இல் அவர் ‘இரும்புச் சுவர்’ என்ற கட்டுரை எழுதினார். எந்த மண்ணின் மக்களும் தங்கள் மண்ணைக் காசுக்கும் ரயில்பாதைக்கும் விற்றதில்லை, அரபுகளும் விற்கமாட்டார்கள், அஸ்டெக்குகள் மெக்சிகோவை நேசித்த மாதிரி அவர்கள் பாலஸ்தீனத்தை நேசிக்கிறார்கள், ஆகவே அவர்களால் உடைக்க முடியாத ஒரு சுவரை எழுப்பி, அதன் பிறகுதான் பேச முடியும் என்றார். அவருடைய முடிவு எனக்கு ஏற்புடையது இல்லை. ஆனால் கூலி கூடும், விளைச்சல் கூடும், அரபுகள் சந்தோஷப்படுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த இடதுசாரிகளைவிட, எதிரே நிற்பவரும் மானமுள்ள ஒரு ஜனம் என்று பார்த்தவர் அவர்தான். இந்த இரண்டுக்கும் வெளியே தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் போன்றவர்களின் ஒரு சிறு கூட்டம், நூறு பேர் தேறினால் அதிகம், இரண்டு இனமும் சமமாக ஆளும் ஒரே நாடு வேண்டும் என்று 1925 முதல் கத்திக்கொண்டிருந்தது. அவர்களோடு ஒப்பந்தம் போட முன்வந்த ஃபவ்சி அல் ஹுசைனி என்ற அரபுத் தலைவர் 1946 நவம்பரில் கொல்லப்பட்டார். கொன்றது அரபுத் தரப்பு.

1933 ஜூன் 16, வெள்ளிக்கிழமை இரவு. தொழிலாளர் தரப்பின் முக்கியத் தலைவர் அர்லோசோரோவ், வயது 34, மனைவியோடு டெல் அவிவ் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஹிட்லர் ஆட்சியிலிருந்து யூதர்களையும் அவர்கள் சொத்தில் ஒரு பகுதியையும் வெளியே கொண்டுவரப் பேச்சு நடத்திவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார், நாஜியோடு பேசுவதா என்று வலதுசாரிகள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஜபோட்டின்ஸ்கியின் ஆட்களைப் பிடித்தார்கள், கோர்ட்டில் விடுதலையானார்கள், கொன்றது யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. அந்தக் காலத்தில் பென் குரியன் ஜபோட்டின்ஸ்கியை விளாதிமிர் ஹிட்லர் என்றே சொன்னார். அடுத்த வருஷமே இருவரும் லண்டனில் உட்கார்ந்து பேசி சமாதான ஒப்பந்தம் எழுதினார்கள், ஒருவருக்கொருவர் அன்பாகக் கடிதம்கூடப் போட்டுக்கொண்டார்கள். 1935இல் ஹிஸ்தத்ருத் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அந்த ஒப்பந்தத்தைக் குப்பையில் போட்டார்கள். ஜபோட்டின்ஸ்கி பிரிந்துபோய்த் தனி இயக்கம் கண்டார், 1940இல் அமெரிக்காவில் இறந்தார். அவர் எலும்பைக்கூட இஸ்ரேலுக்குக் கொண்டுவர பென் குரியன் பிரதமராக இருந்தவரை சம்மதிக்கவில்லை, அவருக்குப் பின் வந்தவர்தான் 1964இல் அனுமதித்தார்.

1936இல் அரபுகள் கிளர்ந்தெழுந்தார்கள், மூன்று வருஷம் நடந்தது. பிரிட்டன் அதை ரத்தத்தில் அடக்கிவிட்டு, 1939 மே மாதம் யூதக் குடியேற்றத்தை ஐந்து வருஷத்துக்கு 75,000 பேர் என்று கட்டுப்படுத்தியது. எந்த நேரத்தில் பாருங்கள். அதற்கு முந்தின ஜூலையில் எவியான் நகரத்தில் 32 நாடுகள் கூடி ஜெர்மனியின் யூத அகதிகளை யார் எடுத்துக்கொள்வது என்று பேசி, கிட்டத்தட்ட எல்லாரும் கைவிரித்திருந்தார்கள். நவம்பரில் ஜெர்மனி முழுக்க யூத ஆலயங்கள் எரிந்தன. அந்த மாதக் கடைசியில் காந்தி தன் பத்திரிகையில், என் அனுதாபம் முழுக்க யூதர்களிடம், ஆனால் பாலஸ்தீனம் அரபுகளுடையது, ஜெர்மன் யூதர்கள் சத்தியாகிரகம் செய்யட்டும் என்று எழுதினார். முதல் பாதியில் அரபுகளின் உரிமையை அவ்வளவு தெளிவாகப் பார்த்தவர், இரண்டாம் பாதியில் ஹிட்லர் யார் என்பதைப் பார்க்கவில்லை. பூபர் ஜெருசலேமிலிருந்து வேதனையோடு பதில் எழுதினார். சாட்சியே இல்லாத இடத்தில் சாகிறவனின் தியாகம் யார் மனதை மாற்றும் என்பதுதான் அவர் கேள்வி.

‘இங்கேயே’ என்று சொன்ன புண்ட் கட்சி என்ன ஆனது? போலந்தில் போருக்கு முந்தி 33 லட்சம் யூதர்கள், சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கட்சியின் பிரதிநிதியாக லண்டனில் இருந்த ஷ்முல் சைகல்பாய்ம், வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ பகுதியின் எழுச்சி நசுக்கப்பட்ட 1943 மே மாதம், உலகம் வேடிக்கை பார்ப்பதைக் கண்டித்துக் கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஐம்பது வருஷ வாதத்தில் புண்ட் தோற்றது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. அவர்களைக் கொன்றுவிட்டார்கள். 1942 பிப்ரவரியில் யூத அகதிகளை ஏற்றிய ஸ்ட்ரூமா என்ற ஓட்டைக் கப்பல், பாலஸ்தீனத்துக்கு அனுமதி கிடைக்காமல் இஸ்தான்புல்லில் வாரக்கணக்கில் நின்று, கருங்கடலுக்குள் திருப்பி இழுத்துவிடப்பட்டு, சோவியத் நீர்மூழ்கியின் குண்டில் மூழ்கியது. 760 பேருக்கு மேல் இருந்தார்கள், பிழைத்தது ஒருவர். இதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு துறைமுகமாவது சொந்தமாக வேண்டும் என்று ஒரு யூதர் சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போருக்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தது. மெனாஹெம் பெகின் தலைமையில் இர்குன் என்ற வலதுசாரி ஆயுதக் குழு பிரிட்டிஷாரைத் தாக்கியது, 1946 ஜூலையில் ஜெருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலில் வைத்த குண்டில் 91 பேர் இறந்தார்கள், அதில் அரபுகள், யூதர்கள், ஆங்கிலேயர் எல்லாரும் உண்டு. பென் குரியனின் ஆட்கள் ஒரு காலம் இர்குன்காரர்களைப் பிடித்து பிரிட்டிஷாரிடமே கொடுத்தார்கள், இன்னொரு காலம் அவர்களோடு சேர்ந்து நின்றார்கள். பிரிட்டன் பிரச்சினையை ஐ.நா.வில் கொண்டுபோய்ப் போட்டது. பதினொரு நாடுகளின் குழுவில் இந்தியாவும் இருந்தது, நம் பிரதிநிதி சர் அப்துர் ரஹ்மான். பிரிவினை வேண்டாம், ஒரே கூட்டாட்சி நாடு என்று இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் சொன்னது எடுபடவில்லை. 1947 நவம்பர் 29 அன்று பிரிவினைக்கு ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. இந்தியா எதிர்த்தது, அப்போது பிரிவினை என்றால் என்ன என்று நமக்குத் தெரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்குச் சுமார் 55 சதவீத நிலம் ஒதுக்கப்பட்டது. அரபுத் தரப்பு ஏற்கவில்லை, மறுநாளே சண்டை.

1948 மே 14, வெள்ளி மாலை 4 மணி, டெல் அவிவ் அருங்காட்சியகம். சுவரில் ஹெர்ட்ஸல் படம். இஸ்ரேல் என்ற நாட்டை அறிவிக்கும் கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு முந்தின நாட்களிலும் விடாமல் சண்டை: எல்லை எது என்று அறிவிப்பில் எழுத வேண்டாம் என்பதை 5க்கு 4 என்ற ஓட்டில் முடிவு செய்தார்கள். கடவுள் பெயர் வேண்டும் என்று மதவாதிகள், கூடாது என்று இடதுசாரிகள், கடைசியில் இரண்டு பேரும் தங்கள் தங்கள் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள ‘இஸ்ரேலின் பாறை’ என்று போட்டார்கள். தோல் சுருளில் எழுதி முடிக்க நேரம் போதவில்லை. அதனால் அன்று வந்தவர்கள் வெற்றுத் தோலில் கையெழுத்துப் போட்டார்கள், வாசகம் பிறகுதான் எழுதிச் சேர்க்கப்பட்டது. மொத்தம் 37 பேர், பதினொரு பேர் முற்றுகையில் இருந்த ஜெருசலேமில் மாட்டிக்கொண்டிருந்ததால் பின்னால் போட்டார்கள். அதில் கம்யூனிஸ்டு உண்டு, ஜபோட்டின்ஸ்கி கட்சிக்காரர் உண்டு, சியோனிசமே பாவம் என்று சொல்லிவந்த வைதீகக் கட்சிக்காரரும் உண்டு. ஒரு அரபுப் பெயர் இல்லை.

ஐந்து வாரம் கழித்து இர்குனுக்கு ஆயுதம் ஏற்றி வந்த கப்பலை டெல் அவிவ் கடற்கரையிலேயே பீரங்கியால் சுட பென் குரியன் உத்தரவிட்டார், கப்பலில் பெகின் இருந்தார். யூதர்களே யூதர்களைச் சுட்டு 19 பேர் செத்தார்கள். கப்பலின் பெயர் அல்தலேனா, அது ஜபோட்டின்ஸ்கியின் புனைபெயர்.

அந்த வருஷம் ஏப்ரல் 9 அன்று இர்குனும் லெஹி என்ற இன்னொரு யூத ஆயுதக் குழுவும் டெய்ர் யாசின் என்ற அரபுக் கிராமத்தில் புகுந்து நூறு பேருக்கு மேல் கொன்றார்கள். நான்கு நாள் கழித்து ஹதாசா ஆஸ்பத்திரிக்குப் போன டாக்டர்களும் நர்சுகளும் இருந்த வண்டிகளை அரபுகள் மறித்து எரித்தார்கள், எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போர் முடிந்தபோது சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு இழந்திருந்தார்கள். ஓடியவர்கள் உண்டு, துரத்தப்பட்டவர்கள் உண்டு, திரும்பி வர யாரையும் விடவில்லை.

எப்ஸ்டைன் சொன்ன ஜாவூனா, நிலத்தில் ஒரு பகுதி போன பிறகும் ரோஷ் பினாவுக்குப் பக்கத்திலேயே அறுபது வருஷத்துக்கும் மேலாக இருந்துவந்தது. 1945 கணக்குப்படி அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேர். டெல் அவிவில் அந்த வெற்றுத் தோலில் கையெழுத்து விழுவதற்கு ஐந்து நாள் முன்னால், மே 9 அன்று, ஜாவூனா முழுசாகக் காலியானது. எப்ஸ்டைன் அதற்கு ஐந்து வருஷம் முன்பே இறந்துவிட்டார்.